இரு மொழியில் எழுதப் படிக்க எங்கே போவது: எல் பாசோவா, டெக்சாஸின் எடின்பர்க்கா, நியூயார்க்கா?

ஆங்கிலமும் ஸ்பானியமும் புழங்கும் வீட்டில் வளர்ந்த ஒருவர் அமெரிக்காவில் படைப்பிலக்கியத்தில் எம்.எஃப்.ஏ. (நுண்கலை முதுகலைப் பட்டம்) படிக்க நினைத்தால், மூன்று வகைப் பல்கலைக்கழகங்கள் அவரை அழைக்கின்றன. சில இடங்களில் இரு மொழிகளும் ஒரே வகுப்பில் நடக்கின்றன. சில இடங்களில் பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது. விரும்பியவர் ஸ்பானியத்திலும் எழுதலாம். மற்றவை முழுக்க முழுக்க ஸ்பானியம். அறிமுகக் கையேட்டைப் படித்தால் மூன்றும் ஏறத்தாழ ஒன்றாகவே தெரியும். என்னைக் கேட்டால், ஒரே கேள்வி போதும்: நீங்கள் எழுதியதை, மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேரால் முழுமையாகப் படிக்க முடியும்?

ஏனென்றால் இந்தப் படிப்பின் உயிர் பட்டறையில்தான் இருக்கிறது. கதையை முன்கூட்டியே எல்லோருக்கும் கொடுத்துவிட வேண்டும். வகுப்பன்று மற்றவர்கள் பேசுவார்கள். எழுதியவர் பெரும்பாலும் வாய் திறக்காமல் குறிப்பெடுப்பார். ஒரு கதையில் தாய் ஸ்பானியத்தில் கடிந்துகொள்கிறாள், மகள் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் நிறைந்த வகுப்பில் முதல் கை உயர்வதே, “அம்மா என்ன சொன்னார்?” என்று கேட்கத்தான். தாயின் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு விளக்கத்தைச் செருகுங்கள் என்று அறிவுரை வரும். இரண்டு ஆண்டுகள் இதையே கேட்டால், தாய் பேசி முடிப்பதற்குள் குறுக்கே புகுந்து பொருள் சொல்லும் பழக்கம் எழுத்தில் ஊறிவிடும். இரு மொழியும் தெரிந்த வகுப்பில் அந்தக் கேள்விக்கே வேலை இல்லை. அந்தக் கோபம் நம்பும்படி இருக்கிறதா, மகள் ஏன் அந்த இடத்தில் மொழியை மாற்றுகிறாள் என்பதிலிருந்தே பேச்சு தொடங்கும். தமிழும் ஆங்கிலமும் கலந்த வீட்டைக் கதையாக்க முயன்ற எவருக்கும் இந்த வித்தியாசம் உடனே புரியும்.

இந்த அளவுகோலில் எல் பாசோ முன்னால் நிற்கிறது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் எல் பாசோ வளாகத்தில் படைப்பிலக்கியம் தனித் துறை. ஆங்கிலத் துறையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்பதல்ல. அதன் இருமொழி எம்.எஃப்.ஏ. 1990களிலிருந்து நடந்துவருகிறது. மாணவர் தமக்கு உரிய மொழியில் எழுதுகிறார்; விவாதம் இரண்டுக்கும் இடையே போய்வருகிறது. ரியோ கிராண்டே நதிக்கு அக்கரையில் மெக்சிகோவின் ஹுவாரெஸ் நகரம். எல் பாசோவாசிகளில் ஐந்தில் நான்கு பேர் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். ஆகவே வகுப்பறைக்கு வெளியே போனாலும் கடை, பஸ், மருத்துவமனை எங்கும் இரு மொழியும் காதில் விழும். மாணவர்கள் நடத்தும் ‘ரியோ கிராண்டே ரிவ்யூ’ இதழும் இருமொழி இதழ்தான். பொருளாதாரத் தேவையை நிரூபிக்கும் மெக்சிகோ குடிமக்கள், டெக்சாஸ்வாசிகளுக்கு உரிய கட்டணத்திலேயே இங்கே படிக்க வழி இருக்கிறது. இதை நான் சிறிய சலுகையாக நினைக்கவில்லை. யார் அந்த மேசைக்கு வந்து உட்கார முடியும் என்பதையே அது தீர்மானிக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. பெரிய பதிப்பகங்களும் இலக்கிய முகவர்களும் நியூயார்க்கில் இருக்கிறார்கள். பாலைவன நகரத்திலிருந்து அவர்களை எட்டுவது எளிதல்ல.

அதே ரியோ கிராண்டே நதி கடலை நெருங்கும் பகுதியில், டெக்சாஸின் எடின்பர்க், பிரவுன்ஸ்வில் ஊர்களில் இயங்குகிறது டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ரியோ கிராண்டே வேலி வளாகம். இங்கே எம்.எஃப்.ஏ.வில் இருமொழி ஒரு விருப்பத் தேர்வு. ஆனால் மாணவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் என்பதால், ஏட்டில் விருப்பமாக இருப்பது நடப்பில் இயல்பாகிவிடுகிறது. இந்த வளாகத்தின் முன்னோடிகளில் ஒன்றான பான் அமெரிக்கன் கல்லூரியில்தான் (பின்னாளில் பல்கலைக்கழகம்) இரு மொழி கலந்து எழுதிய எழுத்தாளர் குளோரியா அன்சால்துவா படித்து 1969இல் பட்டம் பெற்றார். 1987இல் வெளிவந்த தன் நூலில் அவர் ஒன்றைப் பதிவு செய்திருக்கிறார்: சிகானோ (மெக்சிகோ வம்சாவளி அமெரிக்க) மாணவர்கள் அனைவரும் அங்கே இரண்டு பேச்சுப் பயிற்சி வகுப்புகளைக் கட்டாயமாகப் படிக்க வேண்டியிருந்தது, அவர்களுடைய உச்சரிப்புச் சாயலைப் போக்குவதே அதன் நோக்கம். அந்த நிறுவனத்தின் வழித்தோன்றலில் இன்று ஸ்பானியத்தில் எழுதிப் பட்டம் வாங்கலாம். சொந்த ஊரையும் அதன் கலப்பு மொழியையும் எழுத விரும்புகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை. பல நாட்டு எழுத்தாளர்களோடு பழக விரும்புகிறவருக்கு எல் பாசோவே மேல்.

இனி ஸ்பானியத்திலேயே நடக்கும் படிப்புகள். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 2007இல் சில்வியா மொல்லாய் தொடங்கியதும், அயோவா பல்கலைக்கழகத்தில் அனா மெரினோ தொடங்கியதும் முக்கியமானவை. பெயரளவில் இவை ஒருமொழிப் படிப்புகள். ஆனால் அமெரிக்காவில் வாழ்ந்துகொண்டு ஸ்பானியத்தில் எழுதுகிறவர்களில் அனேகருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியும். எனவே அந்தத் தாயும் மகளும் இங்கேயும் விளக்கமின்றிப் பேசிக்கொள்ளலாம். ஆங்கிலப் பட்டறையில் ஸ்பானியத்துக்குக் கிடைக்காத உரிமை ஸ்பானியப் பட்டறையில் ஆங்கிலத்துக்குத் தானாகக் கிடைத்துவிடுகிறது. இந்த ஏற்றத்தாழ்வை யாரும் கையேட்டில் எழுதுவதில்லை. முடிவில் சமர்ப்பிக்கும் நூல் மட்டும் ஸ்பானியத்தில் இருக்க வேண்டும். ஆங்கிலத்திலும் நூல் எழுத நினைப்பவருக்கு அது தடைதான்.

இந்த இரண்டு ஸ்பானியப் படிப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அயோவாவைச் சொல்வேன். 1936இல் தொடங்கிய புகழ்பெற்ற ஆங்கிலப் பட்டறை அதே வளாகத்தில் இருக்கிறது. சிற்றூர் என்பதால் வாடகையும் நியூயார்க் அளவுக்குக் கழுத்தை நெரிக்காது.

முனைவர் பட்டம் வரை போகிறவர்களுக்கு ஹூஸ்டன் பல்கலைக்கழகம். அங்கே ஸ்பானியப் படைப்பிலக்கியத்துக்கான முனைவர் படிப்பை மெக்சிகோ எழுத்தாளர் கிறிஸ்டினா ரிவேரா கார்சா 2017இல் நிறுவினார். கொலையுண்ட தன் தங்கையைப் பற்றிய நூலை அவர் ஸ்பானியத்தில் 2021இல் வெளியிட்டார்; ஆங்கிலத்தில் தாமே எழுதிய வடிவம் 2023இல் வந்தது, அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசு பெற்றது. இரு மொழியில் எழுதுவது என்றால் என்ன என்று கேட்பவருக்கு அந்த இரண்டு நூல்களையும் அருகருகே வைத்துப் படிக்கச் சொல்வேன்.

எங்கே விண்ணப்பித்தாலும் உதவித்தொகை விவரத்தை ஊன்றிப் படியுங்கள். பல இடங்களில் அது இளநிலை மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதற்கான ஊதியம். ஆங்கிலத் துறை என்றால் கட்டுரை எழுதக் கற்பிக்க வேண்டும். ஸ்பானியத் துறை என்றால் அடிப்படை ஸ்பானியம். வாரத்தில் எத்தனை மணி நேரம் அதில் போகும் என்று துறைக்கு எழுதிக் கேளுங்கள். கூடவே, உங்கள் மொழியில் எழுதிய நூலுக்கு வழிகாட்டக்கூடிய ஆசிரியர்கள் யார் யார், நீங்கள் சேரும் ஆண்டுகளில் அவர்களில் எவரேனும் விடுப்பில் போகிறார்களா என்பதையும்.