புதுச்சேரியில் புத்தகம் டிடிபி செய்யக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

அப்பாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு அவர் எழுதிய நினைவுகளைப் புத்தகமாகப் போட்டுக் கொடுக்க ஆசைப்பட்டேன். தாத்தா புதுச்சேரியில் மில் தொழிலாளி. 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் செத்ததை அவர் சொல்லி அப்பா கேட்டது, 1954 நவம்பரில் ஊர் இந்தியாவோடு சேர்ந்ததை அப்பா சிறு பையனாகப் பார்த்தது, ஆத்தா பாடிய தாலாட்டு எல்லாம் அதில் உண்டு. ஒன்றரை வருடம் கடலூரில் வீட்டில் உட்கார்ந்து வேர்டில் நானே யூனிகோடில் (எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி படிக்க முடிகிற எழுத்துக் குறியீடு) அடித்தேன்.

புதுச்சேரியில், கணினியில் புத்தகப் பக்கம் அமைத்துத் தரும் ஒரு டிடிபி கடையில் கொடுத்தேன். "வேர்டு ஃபைல் இருந்தா போதும்க்கா, ஒரு வாரத்துல முடிச்சுடலாம். இன்டிசைன்லதான் பண்றோம்" என்றார் கடைக்காரர். இன்டிசைன் என்பது பக்கம் அமைக்கும் மென்பொருள். பக்கத்துக்கு 40 ரூபாய், முன்பணம் 4,000. நான் வேறு எதையும் கேட்கவில்லை. அங்கேதான் தவறு தொடங்கியது.

அச்சுக்கு முன் சரிபார்க்கத் தரும் ப்ரூஃபில் முதலில் பத்து பக்கம் காட்டினார்கள். நன்றாகவே இருந்தது. முன்னுரையில் அடிக்குறிப்பும் இல்லை, பாட்டும் இல்லை, வேற்று மொழிச் சொல்லும் இல்லை, அதனால் கெட்டுப்போக ஒன்றும் இல்லை. மீதியைப் பார்க்காமலே, பிறந்தநாள் நெருங்குகிறது என்ற அவசரத்தில், 300 பிரதி அச்சடிக்கச் சரி என்று சொல்லிவிட்டேன்.

அச்சாகி வந்தபோது அப்பாதான் முதலில் படித்தார். 47-ஆம் பக்கத்தில் நிறுத்தி, "இது என்னம்மா வருஷம்?" என்று கேட்டார். 'ஜூலை 19364' என்று இருந்தது. 1936-க்குப் பக்கத்தில் சிறியதாக மேலே வைத்திருந்த அடிக்குறிப்பு எண் 4, வேர்டின் வடிவமைப்பை நீக்கிப் பக்க மென்பொருளுக்குள் இழுத்தபோது கீழே இறங்கி வருடத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. புத்தகம் முழுக்க இப்படி 31 இடம். தெருப்பெயர்களுக்காக நான் பிரெஞ்சிலேயே அடித்திருந்த சொற்கள் எல்லாம் பொருளில்லாத தமிழ் எழுத்துக் குவியலாகி இருந்தன. தாலாட்டு வரிகளுக்கு நடுவே நான் ஷிஃப்ட்-என்டர் போட்டிருந்தேன். இரு பக்கமும் சமன் செய்தபோது ஒவ்வொரு வரியும் பக்க அகலத்துக்கு இழுபட்டு, சொற்களுக்கு இடையே பல் விழுந்த வாய் போல ஓட்டை ஓட்டையாக நின்றது. ஆத்தாவின் பாட்டு அது. அப்பா ஒன்றும் சொல்லாமல் மூடி வைத்துவிட்டார்.

கடைக்குப் போய்க் கேட்டேன். "உங்க ஃபைல்ல பிரச்சனைக்கா" என்றார்கள். பிறகு கடலூரில் இருபது வருடமாக இந்த வேலை செய்யும் ஒருவரிடம் எல்லாவற்றையும் காட்டினேன். அவர்தான் கண்டுபிடித்தார்: இன்டிசைன் என்று சொல்லிவிட்டு பேஜ்மேக்கரில் செய்திருக்கிறார்கள். 2001-இல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுபோன மென்பொருள் அது, யூனிகோடு அதற்குத் தெரியாது. அதனால் என் எழுத்தை எல்லாம் கன்வெர்ட்டரில் போட்டு, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பழைய எழுத்துருவுக்கு மாற்றியிருக்கிறார்கள். பிரெஞ்சுச் சொற்கள் தமிழ்க் குப்பையானது அதனால்தான். பழைய மென்பொருளில் வேலை செய்வது குற்றமில்லை. அதில் அழகாகச் செய்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் என்னிடம் வேறொன்றைச் சொல்லிப் பணம் வாங்கியது ஏமாற்று வேலைதான்.

இன்னொரு இடி பாக்கி இருந்தது. நானே திருத்திக்கொள்ளலாம் என்று மூல ஃபைலைக் கேட்டேன். "பிடிஎஃப்தான் தருவோம், ஓப்பன் ஃபைல் வேணும்னா தனியா 3,000" என்றார்கள். கட்டி வாங்கினேன். அதைத் திரும்ப யூனிகோடுக்கு மாற்றியபோது 'கௌரவம்' எல்லாம் 'கெளரவம்' ஆகிவிட்டது. பழைய எழுத்துருவில் ஔகாரக் குறியின் பின்பாதியும் ள என்ற எழுத்தும் ஒன்றாகிவிடுகின்றன. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடினால் மட்டும் கிடைக்காது. வேர்டில் இருந்த சுத்தமான எழுத்தை 3,000 ரூபாய் கொடுத்துக் கெடுத்து வாங்கிக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

கடலூர்க்காரர் என் பழைய வேர்டு ஃபைலையே எடுத்து ஒரு அத்தியாயத்தை என் எதிரிலேயே இன்டிசைனில் இழுத்துக் காட்டினார். முதலில் வேர்டிலேயே ட்ராக் சேஞ்சஸ் (குறித்துவைத்த திருத்தங்கள்) எல்லாவற்றையும் ஏற்று முடித்தார், அடிக்குறிப்புகளை வேர்டின் சொந்த அடிக்குறிப்பாக மாற்ற வைத்தார். வேர்டு ஃபைலை உள்ளே கொண்டுவர இன்டிசைனில் 'ப்ளேஸ்' கொடுக்கும்போது 'ஷோ இம்போர்ட் ஆப்ஷன்ஸ்' டிக் செய்தால் ஒரு பெட்டி திறக்கிறது. அங்கே ஸ்டைல்களை (பெயர் வைத்துச் சேமித்த எழுத்து, பத்தி அமைப்புகள்) வைத்துக்கொள்ளலாமா, நீக்கலாமா, வேர்டின் தலைப்பு ஸ்டைலுக்கு நம் ஸ்டைல் எதைப் பொருத்துவது என்று கேட்கிறது. எல்லாவற்றையும் நீக்கு என்று கொடுத்தால் தடித்த எழுத்து, சாய்ந்த எழுத்து, மேலெண் எல்லாம் ஒரே அடியில் போய்விடும். அதனால் அவர் நீக்குவதில்லை. உள்ளே வந்த பிறகு சாய்ந்த எழுத்துகளைத் தேடி கேரக்டர் ஸ்டைலாக மாற்றிவிட்டு, அப்புறம்தான் வேர்டின் மிச்ச அழுக்கைத் துடைக்கிறார். பாட்டு வரிகளுக்கு இடது பக்கம் மட்டும் ஒட்டிய தனி ஸ்டைல். தமிழுக்கு, எழுத்துகளைச் சேர்த்து வரி அமைக்கும் 'வேர்ல்டு-ரெடி' கம்போசரைத் தேர்வு செய்யாவிட்டால் கொ, கோ எல்லாம் உடைந்து நிற்கும் என்று அதையும் மாற்றி மாற்றிக் காட்டினார். வேர்டுக்குள் ஒட்டிய தாத்தாவின் புகைப்படத்தை அவர் தொடவே இல்லை, ஸ்கேன் செய்த மூலத்தை 300 டிபிஐயில் கொண்டுவரச் சொல்லிவிட்டார்.

ஆகவே கொடுக்கும் முன் கேளுங்கள். எந்த மென்பொருள், யூனிகோடிலேயே செய்வார்களா, முடிந்ததும் ஓப்பன் ஃபைல் தருவார்களா? மூன்றையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். மாதிரிக்கு முதல் பக்கத்தைக் கொடுக்காதீர்கள். அடிக்குறிப்பு, பாட்டு, ஆங்கிலச் சொல், ஸ்ரீ, ஔகாரம், ஒரு அட்டவணை, ஒரு படம் எல்லாம் இருக்கும் இரண்டு பக்கத்தைத் தேடிக் கொடுத்து அதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். முழு ப்ரூஃபையும் வேர்டு பிரதியோடு வரிக்கு வரி ஒப்பிட்ட பிறகுதான் மீதிப் பணம்.

என் 300 பிரதியில் உறவினருக்குக் கொடுத்தவற்றில் அப்பா அந்த 4-ஐ நீலப் பேனாவால் ஒவ்வொன்றாக அடித்துவிட்டுத்தான் கொடுத்தார். மீதி 220 பிரதி அட்டைப் பெட்டியில் இருக்கிறது. புதிதாகச் செய்யும் ஃபைலில் தாலாட்டுப் பக்கம் நேற்றுதான் ப்ரூஃபுக்கு வந்தது.