நாஷ்வில் பாரிலிருந்து லண்டன் மேடை வரை ஒரே பெட்டி: எல்.ஆர். பேக்ஸ் பாரா அகூஸ்டிக் டி.ஐ.

சொந்தப் பாட்டோடு ஊர் ஊராகப் போக ஆரம்பிக்கும் கன்ட்ரி பாடகர்கள், கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் இரண்டாவது கிடார் வாங்கிவிடுகிறார்கள். அந்தக் காசை முதலில் இந்த டி.ஐ. பெட்டியில், அதாவது கிடாரின் ஒலியை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றி அனுப்பும் பெட்டியில், போடுவதுதான் சரி. கிடார் தினமும் அதேதான். மாறுவது மேடையும் மிக்ஸரும் ஸ்பீக்கரும். அந்த மாற்றத்தைத் தாங்கிக்கொள்ள ஒரு பொருள் வேண்டும்.

கிடாரின் சேடிலுக்கு (கம்பிகள் அமர்ந்திருக்கும் துண்டு) அடியில் இருந்து அதிர்வை மின்சாரமாக்கும் பியெசோ பிக்அப்பிலிருந்து ஆரம்பிப்போம். மின்சுற்றில் அது ஒரு சின்ன கெப்பாசிட்டர் மாதிரி நடந்துகொள்ளும். சுமார் 1 நானோஃபாரட் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளீட்டுத் தடை 140 கிலோஓம் உள்ள, மின்சாரம் தேவைப்படாத ஒரு சாதாரண பாஸிவ் டி.ஐ.யில் அதைச் செருகினால் சுமார் 1,100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி தேய ஆரம்பிக்கும். கிடாரின் தடித்த ஈ கம்பி 82 ஹெர்ட்ஸ். அடிக்குரல் முழுக்கப் போய், தகரத்தில் தட்டுகிற சத்தம்தான் மிஞ்சும். பாரா டி.ஐ.யின் உள்ளீட்டுத் தடை 10 மெகாஓம். அதே கணக்கில் தேய்வு 16 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுகிறது. கம்பியின் முழு ஒலியும் மிக்ஸருக்குப் போய்ச் சேரும். மற்ற வசதி எதுவும் இல்லாமல் இது ஒன்று மட்டும் இருந்தாலும் வாங்கலாம்.

நாஷ்வில்லின் லோயர் பிராட்வே பார்களில் ஒரு ஷிப்ட் நான்கு மணி நேரம். வருமானத்தில் பெரும்பங்கு டிப்ஸ் வாளியில் விழுவதுதான். மேடை குறுகல், டிரம்ஸ் முதுகுக்குப் பின்னாலேயே இருக்கும், பாடகருக்கே ஒலி கேட்பதற்கான மானிட்டர் ஸ்பீக்கர் கிடாரின் வயிற்றைப் பார்த்து நிற்கும். அங்கே ஸ்பீக்கரின் ஒலி திரும்பிப் புகுந்து கிடார் ஊளையிடுவதற்குக் காரணம் கிடாரின் உடலுக்குள் இருக்கும் காற்று. பெரிய உடல் கொண்ட டிரெட்நாட் கிடார்களில் அந்த அதிர்வு பெரும்பாலும் 95க்கும் 110 ஹெர்ட்ஸுக்கும் இடையில், அதாவது தடித்த கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டின் ஜி (98), நான்காவதின் ஜி ஷார்ப் (104), ஐந்தாவதின் ஏ (110) என்ற இந்த மூன்று சுரங்களுக்குள் விழும்.

டி.ஐ. பெட்டியில் நாட்ச் குமிழ், அதாவது ஒரு குறுகிய அதிர்வெண்ணை மட்டும் வெட்டும் குமிழ், இருப்பது இதற்காகத்தான். கூட்டம் வருவதற்கு முன் இப்படிச் செய்யுங்கள். எல்லா ஈக்யூ குமிழ்களையும் (ஒலியின் கனத்தையும் கூர்மையையும் திருத்துபவை) நடுவில் வையுங்கள். கிடாருக்குள்ளேயே ஈக்யூ இருந்தால் அதையும் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு இடத்திலும் திருத்தினால் எது எதைக் கெடுக்கிறது என்றே தெரியாது. மானிட்டரை மெதுவாக ஏற்றிக்கொண்டே அந்த மூன்று சுரங்களையும் ஒவ்வொன்றாக அடியுங்கள். விட்ட பிறகும் வீங்கிக்கொண்டே போகிற சுரம்தான் குற்றவாளி. நாட்சை வெட்டும் பக்கம் திருப்பி, அதிர்வெண்ணைத் தேடும் குமிழை அந்த வீக்கம் அடங்கும்வரை மெதுவாக நகர்த்துங்கள். அடங்கியதும் பாதி வெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி கேளுங்கள். தேவைக்கு மேல் வெட்டினால் கிடார் மெலிந்துவிடும். அதற்குப் பிறகும் ஊளை வந்தால் ஃபேஸ் ஸ்விட்சை, அதாவது ஒலி அலையைத் தலைகீழாகத் திருப்பும் ஸ்விட்சை, மாற்றிப் பாருங்கள். ஸ்பீக்கர் தள்ளும் காற்றும் கிடாரின் மேற்பலகையும் ஒரே திசையில் அசைந்தால் ஊளை வளரும், எதிரெதிராக அசைந்தால் குறையும். ஆனால் மேடையில் நிற்கும் இடத்தை மாற்றினாலே இந்தக் கணக்கு மாறிவிடும். அதனால் பாடப்போகும் இடத்திலேயே நின்று சோதியுங்கள்.

அதே நாஷ்வில்லில் 1982இல் திறந்த புளூபேர்ட் கஃபே வேறு உலகம். சுமார் 90 இருக்கைகள். 1985 முதல் நடக்கும் ‘இன் தி ரவுண்ட்’ நிகழ்ச்சியில் பாடலாசிரியர்கள் அறையின் நடுவில் வட்டமாக உட்கார்ந்து முறைவைத்துப் பாடுவார்கள். பார்வையாளர்கள் பேசக்கூடாது என்பது அங்கே விதி. பிராட்வேக்காக வெட்டியதையெல்லாம் அங்கே திருப்பி நிமிர்த்துங்கள். நடு ஒலிக்கான மிட் குமிழை மட்டும், பியெசோவின் ‘குவாக்’ என்ற வாத்துச் சத்தம் குறையும் அளவுக்கு, 1,000 முதல் 1,500 ஹெர்ட்ஸ் பக்கம் லேசாக இறக்கினால் போதும். கூர்மை கூட்டும் பிரெசன்ஸ் குமிழை ஏற்றாதீர்கள், பாட்டின் வரிகளை அது மூடிவிடும். அந்த அறைக்கு வருபவர்கள் வரிகளைக் கேட்கத்தான் வருகிறார்கள்.

வெளிநாட்டுப் பயணத்தில்தான் இந்தப் பெட்டியின் அருமை தெரியும். அமெரிக்காவில் 120 வோல்ட், பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் 230. இதற்குச் சுவர் பிளக்கே வேண்டாம். மிக்ஸர் கேபிள் வழியே அனுப்பும் 48 வோல்ட் ஃபான்டம் மின்சாரம், இல்லையென்றால் ஒரு 9 வோல்ட் பேட்டரி. 2013இல் தொடங்கிய லண்டனின் சி டூ சி கன்ட்ரி இசை விழாவோ, ஆஸ்திரேலியாவில் ஜனவரியில் நடக்கும் டாம்வொர்த் விழாவோ, மேடைக்கு ஒரு எக்ஸ்எல்ஆர் (மைக்) கேபிள் வந்தால் போதும். விழாக்களில் முன்வரிசைக் கலைஞர்களைத் தவிர மற்றவர்களுக்கு முழு சவுண்ட் செக் கிடைப்பது அரிது; ஆள் மாறும் சில நிமிடங்களில் சத்தம் வருகிறதா என்று பார்ப்பதோடு சரி. அதனால் பிடித்த அமைப்பைக் குமிழ்களின் பக்கத்தில் வெள்ளை மார்க்கரால் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள், போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். பையில் உரசினாலே குமிழ்கள் நகர்ந்துவிடும். அவற்றுக்கு ஒரு காப்பு இல்லாதது இந்த வடிவமைப்பின் குறை. சுங்கத்துக்காக கார்னெட் (கருவிகளை வரியில்லாமல் தற்காலிகமாகக் கொண்டுபோகும் ஆவணம்) எடுத்தால் இந்தப் பெட்டியையும் பட்டியலில் எழுதுங்கள்.

பெரிய குறை, காலால் மிதித்து ஒலியை அடக்கும் ஸ்விட்ச் இல்லாதது. சேனல் திறந்திருக்கும்போது கேபிளைப் பிடுங்கினால் அரங்கமே அதிரும். அதற்காகப் பலர் கிடாருக்கும் பெட்டிக்கும் நடுவில் டியூனர் பெடலைச் செருகுகிறார்கள். அங்கேதான் காரியம் கெடுகிறது. பஃபர் (ஒலியைத் தாங்கி அனுப்பும் மின்சுற்று) உள்ள டியூனர்களில் உள்ளீட்டுத் தடை பெரும்பாலும் 1 மெகாஓம்தான் இருக்கும். அப்போது தேய்வு 16லிருந்து 160 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். 10 மெகாஓமுக்குக் கொடுத்த காசு வீண், தடித்த கம்பி இரண்டும் சோனியாகிவிடும். டியூனரைப் பெட்டியின் எஃபெக்ட்ஸ் லூப்பில், அதாவது உள்ளீட்டைத் தாண்டிய பிறகு ஒலி வெளியே போய்த் திரும்பும் வழியில், போடுங்கள்.

கிடாரிலேயே பிக்அப்பின் ஒலியைப் பெருக்கும் நல்ல ப்ரீஆம்ப் இருந்து, நாட்சும் இருந்தால், இதை வாங்க வேண்டியதில்லை. ஒரு பாஸிவ் டி.ஐ. போதும். வெறும் பியெசோ மட்டும் உள்ளவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். ஃபான்டம் வேலை செய்யாத மிக்ஸர்கள் சின்ன கிளப்புகளில் இன்னும் இருக்கின்றன. எனவே பேட்டரி எப்போதும் உள்ளே இருக்கட்டும். உதிரிப் பேட்டரியின் இரு முனைகளிலும் டேப் ஒட்டி விமானத்தில் கைப்பையில் வையுங்கள். சாவியோ நாணயமோ பட்டால் சூடேறிவிடும்.