எடையைப் பார்த்து ஏமாந்த கதையும் அடுத்து வாங்கிய செராமிக் சில்லுகளும்

நண்பர்கள் எட்டுப் பேர் கூடி வீட்டில் டெக்சாஸ் ஹோல்டெம் என்ற போக்கர் சீட்டாட்டம் ஆடுவது எங்களுடைய நெடுநாள் வழக்கம். பணம் வைத்து ஆடுவதில்லை. வெறும் புள்ளிக் கணக்குதான். ஆனாலும் புள்ளிகளைக் குறிக்கக் கையில் நல்ல வட்டச் சில்லு (சிப்) இல்லாவிட்டால் ஆட்டத்தில் பாதி சுவை போய்விடுகிறது என்பதை இரண்டு முறை செலவு செய்துதான் தெரிந்துகொண்டேன். முதலில் வாங்கியது அலுமினியப் பெட்டியில் வந்த 500 சில்லுகள் கொண்ட ஆயத்தத் தொகுப்பு. அதை ஓரங்கட்டிவிட்டு வாங்கியது 400 செராமிக் சில்லுகள். இரண்டையும் போதிய நாள் புழங்கிவிட்டதால் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

முதல் தொகுப்பை வாங்கத் தூண்டியது விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருந்த எடைதான். ஒரு சில்லு 11.5 கிராம், களிமண் கலவை, சூதாட்ட விடுதித் தரம் என்று போட்டிருந்தார்கள். எடை அதிகமானால் தரமும் அதிகம் என்று யாருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது. அமெரிக்க சூதாட்ட விடுதிகளில் நெடுங்காலமாகப் புழங்கும் பால்சன் போன்ற நிறுவனங்களின் அழுத்தி வார்த்த களிமண் சில்லுகளின் எடை ஏறத்தாழ 9 அல்லது 10 கிராம்தான் என்பதையும், வீட்டு உபயோகத்துக்கு விற்கப்படும் 11.5 கிராம், 14 கிராம் சில்லுகள் பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கின் நடுவே ஓர் உலோக வட்டைப் பொதித்து எடை கூட்டப்பட்டவை என்பதையும் பிறகுதான் படித்தறிந்தேன். களிமண் என்ற சொல் அங்கே அலங்காரத்துக்கு நிற்கிறது, அவ்வளவே.

பெட்டியைத் திறந்த அன்று பார்வைக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. இரண்டு ஆட்டங்களுக்குள் எல்லாம் தெரிந்தது. வார்ப்பச்சின் இரு பாதிகளும் சேரும் இடத்தில் விளிம்பைச் சுற்றி மெல்லிய பிசிறு ஒன்று ஓடியது. விரலால் தடவினால் நகத்தில் மாட்டும். மதிப்பைக் காட்டும் ஸ்டிக்கர் பல சில்லுகளில் மையத்தை விட்டு விலகியிருந்தது. சிலவற்றில் ஓரம் கிளம்பி, வியர்த்த கைபட்டுச் சுருளத் தொடங்கியது. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வழுக்கல். 20 சில்லுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்தால், மேசையை யாராவது முழங்கையால் லேசாக இடித்தாலும் அடுக்கு சாய்ந்து பக்கத்து அடுக்கோடு கலந்துவிடும். ஆல்-இன், அதாவது தன்னிடம் உள்ள அனைத்தையும் வைப்பதாக, அறிவித்த ஒருவரின் சில்லுகள் இப்படிச் சரிந்து நடுக் குவியலோடு கலந்ததால், ஓர் இரவு ஆட்டத்தையே நிறுத்திவிட்டு யாருடையது எவ்வளவு என்று கால் மணி நேரம் கணக்குப் பார்த்தோம்.

அதைவிடப் பெரிய குறை பெட்டிக்குள் இருந்த பங்கீடு. மதிப்பு 1 உள்ளவை 150, மதிப்பு 5 உள்ளவை 150, மதிப்பு 25 உள்ளவை 100, மதிப்பு 100 உள்ளவையும் 500 உள்ளவையும் ஐம்பது ஐம்பது. பிளைண்டு, அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் தொகை, 1, 2 என்று சிறிய அளவில் ஆடுபவர்களுக்கு இது போதும். நாங்கள் ஆடுவதோ ஆளுக்கு 10,000 புள்ளியில் தொடங்கி, பிளைண்டு 25, 50 என்று ஏறும் டோர்னமென்ட். அதில் 1-க்கும் 5-க்கும் வேலையே இல்லை. ஆக 500 சில்லுகளில் 300 பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை. மீதி 200-இன் மொத்த மதிப்பு 32,500. எட்டுப் பேருக்குத் தேவைப்படுவது 80,000. சில்லுகளின் எண்ணிக்கையைப் பார்த்து வாங்கினேனே தவிர, எங்கள் ஆட்டத்துக்கு எந்த மதிப்பில் எத்தனை வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்கவில்லை. இந்தத் தவற்றுக்கு விற்றவரைக் குறை சொல்ல முடியாது.

இரண்டாவது முறை அந்தத் தாளிலிருந்துதான் தொடங்கினேன். ஆளுக்கு 25-இல் 12, 100-இல் 12, 500-இல் 5, 1,000-இல் 6 கொடுத்தால் சரியாக 10,000 வரும். எட்டுப் பேருக்கு 280 சில்லுகள். ஆட்டம் நகர நகரச் சிறிய மதிப்புகளை மேசையிலிருந்து எடுத்துவிட்டு அவற்றுக்கு ஈடாகக் கொடுக்க 1,000 கூடுதலாக வேண்டும்; தோற்று வெளியேறி மறுபடி நுழைபவருக்கு இரண்டு 5,000 கொடுத்தால் முடிந்தது. இந்தக் கணக்கின்படி முதல் இரண்டு மதிப்புகளிலும் நூறு நூறு, 500-இல் 50, 1,000-இல் 100, 5,000-இல் 50 என்று 400 சில்லுகளைத் தனித்தனியாகக் கேட்டு வாங்கினேன். சில்லுகளில் எண் மட்டும் இருக்கட்டும், நாணயக் குறி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இதனால் எந்த வகை ஆட்டத்துக்கும் அவற்றைப் பயன்படுத்த முடிகிறது.

செராமிக் என்ற பெயரைக் கேட்டுப் பீங்கான் என்று நினைத்துவிட வேண்டாம்; இது ஒருவகைப் பிசின் கலவை. ஒவ்வொன்றும் 10 கிராம், விட்டம் வழக்கமான 39 மில்லிமீட்டர். ஸ்டிக்கர் கிடையாது. படமும் எண்ணும் சாயமாகப் பரப்பிலேயே ஏற்றப்பட்டிருப்பதால் உரிவதற்கு ஒன்றுமில்லை. விளிம்பிலும் வண்ணப் பட்டைகள் அச்சாகியிருக்கின்றன. இந்தப் பட்டைகள் அழகுக்காக மட்டும் இருப்பவை அல்ல. ஓர் அடுக்கின் நடுவே வேறு மதிப்புச் சில்லு ஒன்று கலந்திருந்தால், எதிரே இருப்பவர் அதைப் பக்கவாட்டிலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்.

முழுத் தொகுப்பையும் வாங்கும் முன் ஒவ்வொரு நிறத்திலும் இரண்டு மாதிரிச் சில்லுகளைப் பணம் கொடுத்து வரவழைத்தேன். அந்தச் சிறு செலவைத் தவிர்க்க நினைப்பவர்கள் பிறகு பெருஞ்செலவு செய்வார்கள். ஒன்றின்மேல் ஒன்றை வைத்து மேலே உள்ளதை விரலால் சுண்டிப் பார்த்தேன். தட்டையான சில்லு அரைச் சுற்றில் நின்றுவிடும். நடுவில் சற்றே மேடு தட்டியது பம்பரம்போல் சுழன்றுகொண்டே இருக்கும். அப்படிச் சுழலும் சில்லுகள் உயரமாக அடுக்க உதவாது. வந்தவை அனைத்தும் சட்டென்று நின்றன. பிறகு நாங்கள் ஆடும் மேசையின் மஞ்சள் விளக்கின் கீழ் அவற்றைப் பரப்பிப் பார்த்தேன். கணினித் திரையில் தெளிவாக வேறுபட்டுத் தெரிந்த கரும்பச்சையும் கறுப்பும் அந்த வெளிச்சத்தில் அண்ணன் தம்பிபோல் இருந்தன. 25-க்குப் பச்சை, 100-க்குக் கறுப்பு என்பது அமெரிக்க வழக்கம். அதை மாற்ற மனமில்லாததால் பச்சையை மட்டும் இளம்பச்சையாக்கித் தரச் சொன்னேன்.

இதிலும் குறைகள் உண்டு. புதிதில் பரப்பு வழுவழுப்பாக இருந்தது. நாலைந்து ஆட்டங்களுக்குப் பிறகே கைக்குப் பழகியது. வெளிர் நிறச் சில்லுகளில் அழுக்கு சீக்கிரம் தெரிகிறது. மிதமான சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து உலரவிட்டால் போகிறது. 400-இல் இரண்டில் அச்சு மையம் தவறியிருந்தது; படம் அனுப்பியதும் விற்பனையாளர் மறுகேள்வி கேட்காமல் மாற்றித் தந்தார். உண்மையான களிமண் சில்லைத் தொட்டவர்களுக்கு இதன் சத்தம் சற்றுக் கூர்மையாகவே ஒலிக்கும். மங்கலான, மெத்தென்ற அந்த ஒலியும் சொரசொரப்பும்தான் வேண்டும் என்பவர்கள் அழுத்தி வார்த்த களிமண் வகைக்கே போக வேண்டும். அதன் விலை அதிகம், விளிம்பு எளிதில் தேயும், புதிதில் மாவுபோல் தூசு படியும், ஒவ்வொன்றாக மினரல் எண்ணெய் தொட்டுத் துடைத்தால்தான் நிறம் எடுப்பாகத் தெரியும். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

அலுமினியப் பெட்டியை இம்முறை வாங்கவில்லை. 500 சில்லுகள் 11.5 கிராம் வீதம் கிட்டத்தட்ட ஆறு கிலோ. முதல் பெட்டியின் கைப்பிடி அந்தப் பளு தாங்காமல் மாடிப்படியில் கழன்று விழுந்தது. இப்போது நூறு சில்லுகள் பிடிக்கும் அக்ரிலிக் தட்டுகள் நான்கில் வைத்திருக்கிறேன். ஆட்டம் முடிந்ததும் தட்டுகளை நிரப்பினாலே எண்ணிக்கையும் சரிபார்த்ததாகிவிடுகிறது. ஒரு குழி நிரம்பாமல் நின்றால் எல்லோரும் மேசைக்கடியில் குனிந்து தேடுவோம். ஆயத்தத் தொகுப்போடு இலவசமாக வரும் சீட்டுக்கட்டுகள் மேற்பூச்சிட்ட காகிதம்; சில வாரங்களில் மூலை மடிந்து அடையாளம் காட்டிவிடும். முழுக்க பிளாஸ்டிக்கால் ஆன கோபாக் அல்லது கெம் நிறுவனக் கட்டு இரண்டு வாங்கிவிடுவது நல்லது.

ஒவ்வொரு நிறத்திலும் ஐந்து சில்லுகளை உபரியாக வாங்கியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. சென்ற மாதம் இளம்பச்சை ஒன்று தொலைந்தது. மறுபடி கேட்டு வாங்கியது வேறு தொகுதியில் அச்சானதால் நிறம் ஒரு சாயல் கூடி வந்திருக்கிறது, அது யாருடைய அடுக்கில் இருக்கிறது என்று மேசையில் எல்லோருக்கும் தெரிகிறது.