பழைய வண்டியின் பெயிண்டை மீட்பதா, புதிதாக அடிப்பதா?

பல ஆண்டுகள் கொட்டகையில் நின்றிருந்த 1972ஆம் ஆண்டு கறுப்பு அம்பாசடர் மார்க் 2 ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அதன் பானெட் முழுவதும் சாம்பல் பூத்திருந்தது. பார்த்தவர்கள் அனைவரும், சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக அடித்துவிடுமாறு கூறினார்கள். கையால் தேய்ப்பது, மெஷினில் பஃபிங் செய்வது, முழுமையாக ரீபெயிண்ட் செய்வது என்ற மூன்று வழிகளையும் எடைபோட்ட பிறகு, நான் அந்த யோசனையை ஏற்கவில்லை.

எந்த வழியானாலும், வண்டியின் மேல் இருப்பது என்ன பெயிண்ட் என்பதை முதலில் அறிய வேண்டும். வெள்ளைத் துணியில் சிறிது பாலிஷ் தொட்டு, டிக்கியின் கீழோரத்தில் தேய்த்துப் பாருங்கள். துணியில் வண்டியின் நிறமே ஏறினால், அது கிளியர் கோட் என்னும் நிறமற்ற மேல்பூச்சு இல்லாத ஒற்றை அடுக்கு பெயிண்ட். அடுத்து, மறைவான ஓரிடத்தில் தின்னர் நனைத்த பஞ்சை ஒற்றினால், பட்டறைகளில் டூகோ என்று சொல்லப்படும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் உடனே கரைந்து வரும். நன்றாக இறுகிய பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்ட் அசையாது. இந்த இரண்டு சோதனைகளுக்கும் பத்து நிமிடம் போதும், ஆனால் பின்னால் எடுக்கும் முடிவுகள் எல்லாம் இவற்றின் மேல்தான் நிற்கின்றன.

கையால் தேய்ப்பது மிக மெதுவான வழி. ஒற்றை அடுக்கு பெயிண்டுக்கு அதுவே மிகப் பொருத்தமான தொடக்கம் என்பது என் கருத்து. சாம்பல் பூப்பது என்பது, நிறமியைப் பிடித்துவைக்கும் பைண்டர் மேற்பரப்பில் வெயிலால் சிதைந்து, நிறமித்தூள் பிடிப்பின்றி வெளிப்படுவதுதான். அதற்கு அடியில் நல்ல பெயிண்ட் பெரும்பாலும் இருக்கும். ஷாம்பூ போட்டுக் கழுவி, சோப்பு நீர் வழுக்கலில் கிளே பார் என்னும் களிமண் போன்ற கட்டியை ஓட்டி, ஒட்டிப்போன அழுக்கை எடுத்தோம். மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் விரலை விட்டு வருடினால், கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பும் கைக்குத் தெரியும். பிறகு, எண்ணெய்ச் சத்து மிகுந்த கிளேஸ் என்னும் பாலிஷைத் தாராளமாகப் பூசி, இரவு முழுவதும் அப்படியே விட்டோம். காலையில் டெர்ரி துணியால் துடைத்தபோது துணி கரியாகியிருந்தது. பானெட்டில் கொட்டகைக் கூரையின் ஓடுகளை எண்ண முடிந்தது. ஆழமான கீறல்களை இந்த முறை போக்காது என்பதையும், மேலே மெழுகு பூசாவிட்டால் பளபளப்பு நீடிக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பஃபிங் மெஷின்களில் ரோட்டரி வகை வேகமானது, ஆனால் ஒரே அச்சில் சுழன்று சூட்டைக் கிளப்பும். பானெட் நடுவரம்பு, கதவு ஓரம் போன்ற இடங்களில் பெயிண்ட் எப்போதும் மெல்லியதாகவே இருக்கும். முன்பு வேறொரு வண்டியை ஒரு பட்டறையில் விட்டபோது, அந்த வரம்பில் ஒரு விரல் நீளத்துக்கு அடிப்பூச்சான பிரைமர் தெரியும்வரை தேய்த்துவிட்டார்கள். டூயல் ஆக்ஷன் மெஷின் சுழன்றுகொண்டே அலைவதால் சூடு ஓரிடத்தில் தங்காது. கிளேஸுக்குப் பிறகும் மங்கலாக நின்ற வண்டிக் கூரைக்கு, மென்மையான ஃபோம் பேடுடன் இதையே பயன்படுத்தினோம். விளிம்புகளுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டியிருந்தோம்.

ரீபெயிண்டுக்கு நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. துரு தகட்டைத் தின்றிருந்தாலும், பெயிண்ட் வெடித்துச் செதில் செதிலாக உரிந்தாலும், எந்தப் பாலிஷும் உதவாது. அப்போதும் முழு வண்டியையும் சுரண்ட வேண்டியதில்லை. எங்கள் வண்டியில் பின்கதவு ஒன்றின் அடிப்பகுதி மட்டும் அரித்திருந்தது. மேலே இருப்பது என்.சி. என்று முன்பே தெரிந்ததால், அங்கே தகடு வைத்து, என்.சி.யே அடித்தோம். புதிய பூச்சு பழையதைச் சற்றே கரைத்து அதனுடன் கலந்துவிடுவதால், தேய்த்தபின் சேர்மானக் கோடு தெரியவில்லை. பி.யூ. அப்படிக் கரைந்து கலக்காது. அதன் ஓரம் பிற்பாடு கோடாகத் தெரியக்கூடும். பி.யூ.வில் மூச்சுக்குக் கேடான ஐசோசயனேட் இருப்பதால், தகுந்த முகக்கவசமும் காற்றோட்டமும் இல்லாத ஷெட்டில் அடிக்கவும் கூடாது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. ஆகவே உலர்வாகத் தேய்க்காமல் வாட்டர் பேப்பரை நனைத்தே தேய்க்க வேண்டும். பெயிண்ட் அடிக்கப்போகும் இடத்தின் அருகே சிலிகான் கலந்த பாலிஷ் பட்டிருந்தால், புதிய பூச்சில் மீன் கண் போலக் குழிகள் விழும் என்பதால், அந்தக் கதவை மட்டும் கிளேஸ் போடாமல் கடைசிவரை ஒதுக்கி வைத்திருந்தோம்.