‘பெட் ரெடி’ என்றால் பெட் ஸ்கேனர் உள்ளே இல்லை என்று அர்த்தம்

திருநெல்வேலிப் பக்கம் நான்கு கல்லூரிகள் சேர்ந்து, ஆய்வு எலிகளைப் படம் பிடிக்கப் பொதுவாக ஓர் இயந்திரம் வாங்கினோம். பெட் (PET) ஸ்கேன், மைக்ரோ சிடி, ஒளிரும் செல்களைப் பிடிக்கும் கேமரா, மூன்றும் ஒரே பெட்டிக்குள் என்றார் டீலர். வந்து இறங்கியது இரண்டுதான்.

எங்களுக்கு இது ஏன் அவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். எலும்பில் பரவும் கட்டியை ஐந்து வாரம் தொடர்ந்து பார்க்க வேண்டும். கருவி இல்லையென்றால் வாரம் எட்டு எலிகளைக் கொன்று திசுவை எடுத்துச் சோதிக்க வேண்டும்; மொத்தம் நாற்பது. கருவி இருந்தால் அதே எட்டு எலிகளுக்கு மயக்கம் கொடுத்து வாராவாரம் படமெடுத்தால் போதும். மின்மினிப் பூச்சியின் லூசிஃபெரேஸ் மரபணுவை ஏற்றிய கட்டிச் செல்கள், லூசிஃபெரின் ஊசி போட்ட பத்துப் பதினைந்து நிமிடத்தில் நன்றாக ஒளிரும். கட்டி எங்கே என்று அந்த ஒளி சொல்லும். எலும்பு எவ்வளவு அரித்திருக்கிறது என்று சிடி காட்டும். கட்டி எவ்வளவு சர்க்கரையை இழுக்கிறது என்பதைப் பெட் மட்டும்தான் காட்டும். எங்கள் மாணவியின் ஆய்வே அந்தக் கடைசிக் கேள்விதான்.

சென்னையில் ஒரு ஓட்டலில் டெமோ வைத்தார்கள். அதாவது, லேப்டாப்பில் படம் காட்டினார்கள். மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று அழகாகப் பொருந்தியிருந்தன. “எல்லாம் நம்ம சிஸ்டத்துல எடுத்ததுதான் மேடம்” என்றார் டீலர். எந்த மாடல் என்று நான் கேட்கவில்லை. அவை அதைவிட விலை கூடிய மாடலில் எடுத்தவை என்று பிறகுதான் தெரிந்தது.

கோட்டேஷனில் பதினோராம் பக்கத்தில் ‘பெட் ரெடி’ என்று ஒரு வரி. பெட் தயாராக இருக்கிறது என்று நான் படித்தேன், நான்கு கல்லூரிக்காரர்களும் அப்படித்தான் படித்தார்கள். பின்னால் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ள இடம் விட்டிருக்கிறோம் என்பதுதான் அதன் பொருளாம்.

அதை முதலில் கண்டுபிடித்தது எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி. பாளையங்கோட்டையில் இயந்திரத்தை இறக்கிய மறுநாள் எர்த்திங் பார்க்கப் பக்கவாட்டு மூடியைக் கழற்றியவர், “மேடம், இந்த எடம் காலியால்லா கெடக்கு?” என்றார். பெட்டுக்கான கதிர்களைப் பிடிக்கும் டிடெக்டர் வளையம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இரும்புச் சட்டம். கூட நின்ற சர்வீஸ் இன்ஜினியர் தலையைக் குனிந்துகொண்டு “அது ஆப்ஷனல்” என்றார்.

எல்சி (வங்கி தரும் கடன் உறுதிக் கடிதம்) வழியாக, கப்பல் ஆவணங்களைக் காட்டியதுமே தொண்ணூறு சதவீதப் பணம் போய்விட்டது. எங்கள் கையில் மீதி இருந்தது பத்துதான். அதற்காக இறங்கிவர டீலருக்கு அவசியம் இருக்கவில்லை.

டிடெக்டர் வந்திருந்தாலும் சிக்கல் இருந்திருக்கும். பெட் படத்துக்காக எலிக்குச் செலுத்தும் கதிரியக்கச் சர்க்கரையில் இருப்பது ஃபுளோரின்-18; அதன் அரை ஆயுள் 110 நிமிடம். அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் இருக்கும் ஊரிலிருந்து மூன்று மணி நேரம் வண்டியில் வந்தால், கிளம்பும்போது இருந்ததில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. அதைக் கையாளத் தனி அறை வேண்டும், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதியும் வேண்டும். “அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்” என்றார் டீலர். விண்ணப்பிக்க வேண்டியது பயன்படுத்தும் நிறுவனம் என்பதை அவர் வாயே திறக்கவில்லை. படங்களைப் பொருத்தும் மென்பொருளும் ஒரே கணினிக்கு, ஒரே வருடத்துக்குத்தான். மற்ற மூன்று கல்லூரிக்காரர்களும் தங்கள் படங்களைப் பார்க்கவே பஸ் ஏறி இங்கே வருகிறார்கள்.

வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து உங்கள் எலியை, இல்லையென்றால் உங்கள் சோதனைப் பொம்மையையாவது கொண்டுபோய், நீங்கள் வாங்கும் அதே மாடலில் படமெடுக்கச் சொல்லுங்கள். ‘ரெடி’, ‘அப்கிரேடபிள்’, ‘கம்பாட்டிபிள்’ என்று எங்கே கண்டாலும் “இந்த விலைக்குள் அந்தப் பாகம் பெட்டியில் வருகிறதா?” என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். உங்கள் கண்முன் மூன்று படமும் பொருந்தும்வரை முப்பது சதவீதமாவது கையில் வைத்திருங்கள். நிதிப்பிரிவு முணுமுணுக்கும், அப்போதும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மாணவிக்கு விலங்கு நெறிமுறைக் குழு அனுமதித்தது எட்டு எலிகள். இப்போது இன்னும் முப்பத்திரண்டு கேட்டு விண்ணப்பம் போயிருக்கிறது. அதில் கையெழுத்துப் போட்டது நான்.