“அவர்களுக்குப் பிறகு யாருக்கு?” – உயில் தயாரித்துத் தந்த ஒரு சட்ட அலுவலகம் பற்றி

எங்கள் மகனுக்கும் மகளுக்கும் குழந்தைகள் இல்லை, இனிமேலும் எதிர்பார்ப்பதற்கில்லை. வீட்டையும் சேமிப்பையும் யாரிடம் சேர்ப்பது என்று முடிவு செய்வதற்காக நானும் என் கணவரும் உயில் தயாரித்துத் தரும் சட்ட அலுவலகம் ஒன்றை நாடினோம். மூன்று அமர்வுகளில் வேலை முடிந்தது.

முதல் அமர்வு ஒன்றுக்காகவே இவர்களைப் பரிந்துரைப்பேன். “பிள்ளைகளுக்குச் சரிபாதி” என்று நாங்கள் சொன்னதும் வழக்கறிஞர் பேனாவை எடுக்கவில்லை, “அவர்களுக்குப் பிறகு யாருக்கு?” என்று கேட்டார். முழு உரிமையாகக் கொடுத்துவிட்டால் பிறகு அந்தச் சொத்து போகும் வழியைப் பிள்ளைகளின் உயிலோ, அது இல்லாதபோது வாரிசுச் சட்டமோதான் தீர்மானிக்கும் என்பதையும், வாழ்நாள் அனுபவ உரிமையை மட்டும் அவர்களுக்குக் கொடுத்து இறுதி உரிமையை வேறொருவருக்கு எழுதலாம் என்பதையும், அப்படி எழுதினால் நெருக்கடி வந்தாலும் வீட்டைத் தம் விருப்பப்படி விற்க அவர்களால் இயலாது போகலாம் என்பதையும் அவர் பொறுமையாக விளக்கினார். ஆங்கிலேய விஞ்ஞானி ஜேம்ஸ் ஸ்மித்சன் 1826-இல் எழுதிய உயிலை எடுத்துக்காட்டாகச் சொன்னார். சகோதரர் மகனுக்கே சொத்தை எழுதிய ஸ்மித்சன், அவர் பிள்ளையின்றி இறந்தால் அறிவை வளர்த்துப் பரப்பும் நிறுவனம் ஒன்றை வாஷிங்டனில் அமைக்க அது அமெரிக்காவுக்குச் சேர வேண்டும் என்று ஒரு விதியைச் சேர்த்திருந்தார். அந்த இளைஞர் 1835-இல் பிள்ளையின்றியே இறந்தார். 1846-இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் உருவானது. எங்களுக்குத் தேவைப்பட்டதும் அந்த இரண்டாம் வரிதான்.

வீட்டைப் பிள்ளைகளுக்கு முழு உரிமையாகவும், சேமிப்பில் ஒரு பங்கை என் தங்கை மகளுக்கும், எஞ்சியதை இரண்டு அறக்கட்டளைகளுக்கும் எழுதினோம். தொகையாகக் குறிக்காமல் விழுக்காடாகக் குறிக்கச் சொன்னதும், அறக்கட்டளையின் பதிவுப் பெயரைச் சரிபார்த்ததும், அது மூடப்பட்டுவிட்டால் யாருக்கு என்று கேட்டு எழுதியதும் நல்ல வேலை.

குறையும் உண்டு. உயிலால் பயன்பெறுபவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் பல நாடுகளில் அவருக்குரிய பங்கே செல்லாமல் போகும் என்பதைக் கையெழுத்திடும் அன்றுதான் சொன்னார்கள். சாட்சியாக என் தங்கை மகளையே அழைத்துப் போயிருந்ததால் அன்று வெறுங்கையோடு திரும்பினோம். முன்பே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கலாம். பிள்ளைகளிடம் பேசிவிட்டு வாருங்கள் என்றும் எவரும் சொல்லவில்லை.

அந்த இடைவெளியில் நாங்களாகவே வரைவை இருவருக்கும் வாசித்துக் காட்டினோம். மகள் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, இரண்டு அறக்கட்டளைகளில் ஒன்றை நீக்கி, தான் படித்த பள்ளியின் நூலகத்தைச் சேர்க்கச் சொன்னாள். அலுவலகம் கூடுதல் கட்டணமின்றி மறுநாளே அதைத் திருத்திக் கொடுத்தது.