போட்டோஸ்டேட் கடையில் அடித்த 33 லட்சம் ஆண்டுக் கல்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் டவுனில் போட்டோஸ்டேட், ரப்பர் முத்திரை செய்யும் சின்னக் கடை ஒன்றில் இப்போது முப்பரிமாண அச்சும் அடித்துத் தருகிறார்கள். சாவிக்கொத்தும் பெயர்ப்பலகையும்தான் அதிகம் போகுமாம். நான் கேட்டது கற்கருவி.

எங்கள் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு லொமேக்வி 3 அகழாய்வைக் காட்ட ஆசை. வட கென்யாவில், துர்கானா ஏரிக்கு மேற்கே, வறண்ட பாலை நிலம். 2011இல் தொல்லியலாளர் சோனியா ஹார்மாண்ட் குழு அங்கே கண்ட கற்கருவிகளுக்கு வயது 33 லட்சம் ஆண்டு. அதுவரை தெரிந்தவற்றைவிட 7 லட்சம் ஆண்டு மூத்தவை! ஆனால் குன்று அரித்து அரித்து, பல கற்கள் சரிவில் வெளியே கிடந்தன. மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுத்தவை கொஞ்சம்தான். மேலே கிடந்ததை எப்படி நம்புவது? தோண்டி எடுத்த 1.85 கிலோ மூலக்கல்லில் (செதில் தட்டி எடுத்த பெரிய கல்), மேற்பரப்பில் கிடைத்த 650 கிராம் செதில் கச்சிதமாகப் பொருந்தியது. இரண்டும் ஒரே கல்லிலிருந்து வந்தவை என்று அதிலேயே தெரிந்துவிட்டது. எனக்கு வேண்டியது அந்த ஜோடிதான். ஆய்வாளர்கள் பொதுவில் வெளியிட்ட ஸ்கேனைப் பென்டிரைவில் கொண்டுபோனேன்.

முதல் தடவை சரியாக வரவில்லை. அச்சு சரியாமல் தாங்கும் முட்டுகளைப் பொருந்தும் முகத்திலேயே வைத்துவிட்டார்கள். பிய்த்த இடமெல்லாம் சொரசொரப்பு. செதில் உட்காராமல் ஆடியது. விஷயத்தைச் சொன்னதும் கடைத் தம்பி முகம் சுளிக்கவில்லை. "அந்தப் பக்கம்தான் முக்கியம்னு தெரியல டீச்சர், திருப்பி வச்சு அடிச்சுத் தரேன்" என்றார். காசும் வாங்கவில்லை. இப்போது செதிலை வைத்து அழுத்தினால் நகம் நுழையாது. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் கழற்றி மாட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

குறை என்றால் கனம். உள்ளே கூடு மாதிரி இருப்பதால் கையில் நிற்கவில்லை. அடியில் ஓட்டை விடச் சொல்லி மணல் நிரப்பினேன். அப்போதும் அசல் கனம் வரவில்லை. லொமேக்விக் கற்கள் பெரியவை, மூலக்கற்கள் சராசரி 3 கிலோ. அந்தப் பாரத்தைப் பிள்ளைகள் உணர வேண்டும், அதனால் பக்கத்தில் ஒரு நிஜக் கல்லையும் வைக்கிறேன்.

ஜோடிக்கு 70 வெள்ளி (ரிங்கிட்). நியாயமான விலை. வாங்கினால் வெயிலில் காருக்குள் விடாதீர்கள், பிளாஸ்டிக் வளைந்துவிடும்.

அப்புறம் அங்கே கிடைத்த 15 கிலோ கல்லையும் கேட்டேன். மெஷின் தட்டில் அடங்காதாம், பாதி அளவில் தருகிறேன் என்றார். பிள்ளைகள் மனதில் தப்பான அளவு பதிந்துவிடும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.